1942 ஜூலை 21, டெலவேர் கரை: கடலில் விழுந்த ஃபேர்சைல்டு 24 போர் இழப்பா, விபத்தா?

பருந்துக்கண் எழுதியது:

இந்தப் பகுதியில் நாம் இதுவரை பட்டியலிட்டு வரும் விமான இழப்புகள் பெரும்பாலும் போருக்கென்றே கட்டப்பட்டவை. அவற்றை எந்தத் தலைப்பின்கீழ் சேர்ப்பது என்ற ஐயம் நமக்கு எழுந்ததில்லை. இப்போது ஒன்று எழுந்திருக்கிறது. அதனால்தான் தனி இழை தொடங்குகிறேன்.

1942 ஜனவரி முதல் ஜெர்மானிய நீர்மூழ்கிகள் அமெரிக்காவின் கிழக்குக் கரையோரம் வந்து, கரையோர நகரங்களின் விளக்கொளியில் நிழலாகத் தெரிந்த சரக்குக் கப்பல்களையும் எண்ணெய்க் கப்பல்களையும் அடுத்தடுத்து மூழ்கடித்தன. கடற்படையிடம் காவலுக்குப் போதிய கப்பல்களும் இல்லை, விமானங்களும் இல்லை. பேர்ல் துறைமுகத் தாக்குதலுக்கு ஆறு நாள் முன்பு, 1941 டிசம்பர் 1 அன்று, சொந்த விமானம் வைத்திருந்தவர்களையும் ஓட்டத் தெரிந்தவர்களையும் திரட்டி உருவாக்கப்பட்ட சிவில் ஏர் பேட்ரல் என்ற குடிமக்கள் அமைப்பு, இந்த வேலைக்குத் தன் உறுப்பினர்களை அனுப்ப முன்வந்தது. படைத்தரப்பு முதலில் தயங்கியது. கப்பல்களை இழந்துகொண்டிருந்த எண்ணெய் நிறுவனங்கள் தொடக்கச் செலவுக்குப் பணம் கொடுத்தன. மார்ச் மாதத்தில் அட்லாண்டிக் சிட்டி, டெலவேரின் ரெஹோபத் பீச் ஆகிய தளங்களிலிருந்து முதல் காவல் பறப்புகள் கிளம்பின. பின்னர் மெயின் மாநிலத்திலிருந்து டெக்சாஸ் வரை மொத்தம் 21 தளங்கள் அமைந்தன.

ரெஹோபத் தளத்தைச் சேர்ந்த ஒரு ஃபேர்சைல்டு 24 விமானம் 1942 ஜூலை 21 அன்று அட்லாண்டிக்கில் விழுந்தது. அதிலிருந்த விமானி சார்ல்ஸ் ஷெல்ஃபஸ் கடலோடு போனார். நோக்கராகச் சென்ற ஹென்றி கிராஸ் மீட்கப்பட்டார். எதிரி எவரும் சுடவில்லை. விமானம் குடிமக்கள் பதிவெண் கொண்டது, அதில் சென்ற இருவரும் படையில் சேர்ந்தவர்கள் அல்லர். இதைப் போர் இழப்பு என்று எழுதுவதா, விபத்து என்று எழுதுவதா? நண்பர்கள் கருத்தைக் கேட்கிறேன்.

பழைய மெக்கானிக் எழுதியது:

தலைப்பைப் பற்றிப் பிறகு பேசலாம். முதலில் அந்த விமானத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏனெனில் விடையில் பாதி அங்கேயே இருக்கிறது.

ஃபேர்சைல்டு 24 என்பது வசதியுள்ளவர்கள் வாங்கிய உலா வண்டி. தலைக்கு மேல் இறக்கை, நான்கு இருக்கை, கார் போன்ற உள்ளமைப்பு. எஃகுக் குழாய்ச் சட்டமும் மர இறக்கையும் துணிப்போர்வையுமாக அழகாகச் செய்த வண்டி. முன்னால் ஒரே ஒரு எஞ்சின்: ஆண்டைப் பொறுத்து வார்னர் அல்லது ரேஞ்சர், ஏறத்தாழ 145 முதல் 200 குதிரைத்திறன். நிலத்தின் மேல் பறக்கும்போது எஞ்சின் நின்றால் வயலோ சாலையோ பார்த்து இறக்கிவிடலாம் என்ற நம்பிக்கையில்தான் இத்தகைய விமானங்கள் வடிவமைக்கப்பட்டன. கடலின் மேல் அந்த நம்பிக்கைக்கு இடமே இல்லை.

இதைவிடப் பெரிய கேடு அதன் சக்கரங்கள். அவை உள்ளே மடங்காதவை, உடலுக்குக் கீழே நிலையாக நீட்டிக்கொண்டிருப்பவை. நீரில் இறக்கும்போது சக்கரங்கள்தாம் முதலில் அலையைத் தொடும். தொட்ட கணத்தில் அவை தடையாகிப் பிடித்துக்கொள்ள, மூக்கு குப்புறக் குத்தி விமானம் தலைகீழாகப் புரளும். உள்ளே இருப்பவர், மோதலில் நினைவு தப்பாமல் இருந்தால், தலைகீழாகத் தொங்கியபடியே வாரை அவிழ்த்து, வெளியிலிருந்து நீர் அழுத்தும் கதவைத் தள்ளித் திறந்து வெளியேற வேண்டும். எவ்வளவு தேர்ந்த விமானியாக இருந்தாலும் வேகத்தைக் குறைத்து, வாலைத் தாழ்த்தி, அலையின் முதுகைப் பார்த்து இறக்குவதைத் தவிர அவரால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

ஷெல்ஃபஸின் விமானம் எப்படி விழுந்தது என்பதைப் பற்றி நான் இங்கே ஊகம் எதுவும் செய்யவில்லை. இந்த வகை விமானத்தைக் கடலுக்கு மேல் அனுப்பினாலே இழப்பு அந்த ஏற்பாட்டுக்குள் ஒளிந்திருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன். அவர்களுக்கும் அது தெரிந்திருந்தது. அதனால்தான் இரண்டிரண்டு விமானங்களாகச் சென்றார்கள். ஒன்று விழுந்தால் மற்றொன்று மேலே வட்டமிட்டு வானொலியில் இடத்தைச் சொல்லும்.

இளவேனில் எழுதியது:

பழைய மெக்கானிக் ஐயா கூறியதைப் படிக்கும்போது பிரிட்டிஷ் விமானி ஏமி ஜான்சன் நினைவுக்கு வருகிறார். 1941 ஜனவரி 5 அன்று தேம்ஸ் கழிமுகத்தில் அவர் ஓட்டிவந்த விமானம் விழுந்தது. அவரும் படை வீராங்கனை அல்லர், விமானங்களைத் தொழிற்சாலையிலிருந்து தளத்துக்குக் கொண்டுசேர்க்கும் குடிமக்கள் அமைப்பில் இருந்தவர். அவரைக் காப்பாற்றக் குளிர்ந்த நீரில் குதித்த கடற்படை அதிகாரி வால்டர் ஃபிளெட்சரும் இறந்தார். அந்த இழப்பை நாம் ஏற்கெனவே போர் இழப்பு என்றுதானே பதிந்திருக்கிறோம்? அதே அளவுகோல் இதற்கும் பொருந்தாதா?

பருந்துக்கண் எழுதியது:

பொருந்தாது என்றே நினைக்கிறேன், இளவேனில். ஏமி ஜான்சன் குடிமகள். ஆனால் அவர் ஓட்டிய ஏர்ஸ்பீட் ஆக்ஸ்ஃபோர்டு என்ற விமானம் பிரிட்டிஷ் விமானப்படையின் சொத்து, பயிற்சிக்கென்று படைக்காகவே கட்டப்பட்டது. அங்கே ஆள் குடிமகள், விமானம் படையுடையது. ஷெல்ஃபஸ் நிகழ்வில் இரண்டுமே குடிமக்களுடையவை. பணி மட்டுமே படையுடையது. சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

நெய்தல் எழுதியது:

ஹென்றி கிராஸ் எப்படிப் பிழைத்தார் என்பதை இந்த இழையில் யாரும் இன்னும் எழுதவில்லை. எழுதாமல் விட்டால் கதை முழுமையாகாது.

விமானம் விழுந்த செய்தி ரெஹோபத் தளத்துக்கு வந்ததும், தளத்தின் தலைவர் ஹ்யூ ஷார்ப், எட்மண்ட் எட்வர்ட்ஸைத் துணைக்கு அழைத்துக்கொண்டு ஒரு சிக்கோர்ஸ்கி எஸ்-39 விமானத்தில் கிளம்பினார். படகு போன்ற அடிவயிறு கொண்ட, நீரிலும் நிலத்திலும் இறங்கக்கூடிய ஒற்றை எஞ்சின் விமானம் அது. அந்த வகையில் கட்டப்பட்டவையே இருபத்துச் சொச்சம்தான், அதுவும் பத்தாண்டுக்கு முந்தையவை. இடத்தைக் கண்டுபிடித்தார்கள். கடல் கொந்தளித்துக்கொண்டிருந்தது. ஏரியிலும் உப்பங்கழியிலும் இறங்கச் செய்யப்பட்ட விமானத்தைத் திறந்த கடலில் இறக்கினார் ஷார்ப். இறங்கும்போது ஒரு பக்க இறக்கையின் கீழிருந்த மிதவை அலையில் நசுங்கிவிட்டது. காயமுற்றுக் கிடந்த கிராஸை இழுத்து ஏற்றினார்கள். ஷெல்ஃபஸைத் தேடினார்கள், கிடைக்கவில்லை.

இதற்குமேல் நடந்தது எங்கள் ஊர்க்காரர்களுக்கு எளிதில் புரியும். மிதவை போன பக்கத்தில் இறக்கை நீருக்குள் இறங்க இறங்க விமானம் சாய்ந்து மூழ்கிவிடும். பறந்து எழவும் வழியில்லை. எட்வர்ட்ஸ் வெளியே வந்து எதிர்ப்பக்க இறக்கையின் மேல் ஏறிப் படுத்துக்கொண்டார். அவருடைய உடல் எடைதான் விமானத்தைச் சமன் செய்தது. அப்படியே அலைகளினூடே படகு போல ஓட்டிக்கொண்டு கரைக்கு வந்து சேர்ந்தார்கள். பெரும்பாலான விவரிப்புகள் 11 மணி நேரம் என்று சொல்கின்றன. பாக் நீரிணைப் பக்கத்தில் பாய் விரித்து ஓடும் வள்ளங்களில், காற்று ஒரு பக்கமாகத் தள்ளும்போது மறுபக்கம் நீட்டிய பலகையின் நுனிக்கு ஓர் ஆள் போய் உட்காருவார். காற்று ஏற ஏற இன்னும் வெளியே நகருவார். எட்வர்ட்ஸ் செய்ததும் அதே வேலைதான். ஆனால் வள்ளத்துப் பலகையில் உட்காருபவர் அதற்குப் பிறந்ததிலிருந்து பழகியவர். காற்று மாறினால் எழுந்து வந்துவிடலாம். ஓர் இரவு முழுதும் அலை மேலே அடிக்க, பிடித்துக்கொள்ள வசதியில்லாத துணிப்போர்வை இறக்கையில் நகராமல் கிடப்பதை நினைத்தால் எனக்கே கை மரத்துப்போகிறது.

இது விபத்தா என்று கேட்டால், விபத்துக்கு இப்படித் தேடிப் போகமாட்டார்கள் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. ஆனால் அது உணர்ச்சி, வாதம் ஆகாது. ஆகவே நிறுத்திக்கொள்கிறேன்.

கோட்டைச்சாமி எழுதியது:

நெய்தல் எழுதியதைப் படித்து நானும் நெகிழ்ந்தேன். இருந்தாலும் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன்.

கடலோரக் காவலின் கணக்கு இப்படிச் சொல்லப்படுகிறது: ஏறத்தாழ பதினெட்டு மாதங்களில் 86,685 பறப்புகள், 2 கோடியே 40 லட்சம் மைல், கண்ணில் பட்ட நீர்மூழ்கிகள் 173, தாக்கப்பட்டவை 57, மூழ்கடிக்கப்பட்டதாக உரிமை கோரப்பட்டவை 2. இழந்த விமானங்கள் 90, இறந்தவர்கள் 26. போர் முடிந்தபின் ஜெர்மானியக் கடற்படையின் ஆவணங்களோடு ஒப்பிட்டபோது அந்த இரண்டில் ஒன்றுகூட உறுதிப்படவில்லை. 1942 ஜூலை 11 அன்று அட்லாண்டிக் சிட்டி தளத்தின் விமானம் ஒன்று நீர்மூழ்கியை அழித்ததாகச் சொல்லப்படும் நிகழ்வுக்கு இணையாக அந்த நாளில், அந்த இடத்தில், ஜெர்மானியர் எதையும் இழக்கவில்லை. எங்களை விரட்டியது அந்தச் சின்னஞ்சிறு வண்ண விமானங்கள்தாம் என்று ஒரு ஜெர்மானியத் தளபதி சொன்னதாக உலவும் வாக்கியத்துக்கும் நான் அறிந்தவரை ஆவண வேர் கிடையாது. 173 என்பதிலும் திமிங்கலமும் மிதக்கும் மரமும் எத்தனையோ யார் கண்டார்.

இன்னொன்று. ஜெர்மானிய நீர்மூழ்கிப் படைத் தலைவர் கார்ல் டோனிட்ஸ், அமெரிக்கக் கிழக்குக் கரையில் எஞ்சியிருந்த கடைசி இரு நீர்மூழ்கிகளையும் விலகி வரச் சொன்ன நாள் 1942 ஜூலை 19. ஷெல்ஃபஸ் இறந்தது ஜூலை 21. எதிரி கிளம்பிப்போன கடலில், எதிரியைத் தேடப் போய், எதிரி கைபடாமல் விழுந்த விமானத்தைப் போர் இழப்பு என்று எழுதினால் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் மிஞ்சும்?

இளவேனில் எழுதியது:

கோட்டைச்சாமி ஐயா சொல்லும் இரண்டு தேதிகளும் உண்மைதான். அவற்றை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தபோது எனக்கும் ஒரு கணம் பேச்சு நின்றது. ஆயினும் அந்த ஒப்பீட்டைக் கொண்டு நீங்கள் வந்தடையும் முடிவை என்னால் ஏற்க இயலவில்லை.

டோனிட்ஸின் ஆணை ரெஹோபத் கடற்கரையில் நின்றவர்களுக்கு எப்படித் தெரியும்? அவர்கள் கண்டதெல்லாம் ஜூலை நடுவரையிலும் கரையில் ஒதுங்கிய எண்ணெய்யும் உடைந்த படகுகளும்தான். ஒரு பணியின் தன்மையை, அதில் இறங்கியவர் அன்று அறிந்திருந்ததைக் கொண்டு அளக்க வேண்டுமே தவிர, எதிரியின் நாட்குறிப்பைப் போருக்குப் பிறகு புரட்டிப் பார்த்து அளக்கக் கூடாது. அப்படி அளந்தால் வான்படையின் ரோந்து இழப்புகளில் பெரும்பகுதியை நாம் விபத்துத் தலைப்புக்கு மாற்ற வேண்டியிருக்கும்.

மேலும், மூழ்கடித்த எண்ணிக்கையை வைத்து அந்தப் பணியை எடைபோடுவதே பொருந்தாது. அன்றைய நீர்மூழ்கி உண்மையில் மேற்பரப்புக் கப்பல்தான். தேவைப்படும்போது மட்டும் அமிழும். டீசல் எஞ்சினில் மேற்பரப்பில் மணிக்கு 17 கடல் மைல் ஓடக்கூடியது, அமிழ்ந்தபின் மின்கல ஆற்றலில் 7 கடல் மைலுக்கு இழுப்பதே அரிது, அதுவும் சிறிது நேரத்துக்கே. மேலே விமானம் ஒன்று தெரிந்தால் அதன் தளபதி அமிழ்ந்தாக வேண்டும். அது உலா வண்டியா, குண்டுவீச்சு விமானமா என்று நின்று பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஆகவே, குண்டே இல்லாத ஃபேர்சைல்டு ஒன்று தலைக்கு மேல் சுற்றினாலும் கப்பல் கூட்டத்தைத் துரத்திப் பிடிக்கும் வேகம் நீர்மூழ்கிக்கு இல்லாமல் போகிறது. அமிழ வைப்பதே பாதி வெற்றி.

இதற்கு மறுபக்கமும் உண்டு; அதையும் சொல்லிவிடுகிறேன். தொடக்கத்தில் இந்த விமானங்கள் வெறுங்கையோடுதான் போயின. 1942 மே மாதத்தில் ஃபுளோரிடாவின் கேப் கனாவெரல் அருகே ஆழமில்லாத நீரில் தட்டி நின்ற நீர்மூழ்கியின் மேல் காவல் விமானம் ஒன்று அரை மணி நேரத்துக்கு மேலாக வட்டமிட்டு உதவி கேட்டுக்கொண்டே இருந்ததாகவும், உதவி வருமுன் அது தன்னை விடுவித்துக்கொண்டு போய்விட்டதாகவும் அந்த அமைப்பினர் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். கதையின் ஒவ்வொரு விவரத்துக்கும் நான் உத்தரவாதம் தரமாட்டேன். ஆனால் அதன்பின் குடிமக்கள் விமானங்களின் வயிற்றில் 100 பவுண்டு குண்டுகள் கட்டப்பட்டன என்பதில் ஐயமில்லை. குண்டு ஏறியபிறகு அது எந்த வகையில் உலா வண்டி?

பழைய மெக்கானிக் எழுதியது:

குண்டு பற்றி ஒரு வார்த்தை. நான்கு பேர் உட்கார வடிவமைத்த சிறு விமானத்தில் இரண்டு பேரும் 45 கிலோ குண்டும் என்பது எடைக்கணக்கில் பெரிய சுமையன்று. ஆனால் நிலையான சக்கரங்களுக்கு நடுவே குண்டு தொங்கும்போது ஓடுபாதையில் ஒரு தவறான குதிப்பு போதும். அந்த ஓடுபாதைகள் எப்படியிருந்தன என்று படங்களைப் பாருங்கள். உப்புக்காற்றும் மணலும் எஞ்சினுக்குள் போகும். உதிரிப் பாகம் எல்லாம் படைக்கே முன்னுரிமையாகப் போய்விட்ட காலம். 90 விமானங்களை 86,685 பறப்புகளுக்கு வகுத்தால் ஏறத்தாழ 960-க்கு ஒன்று வருகிறது. அந்த நிலைமையில் இது குறைவு என்றுதான் ஒரு மெக்கானிக்காக எனக்குத் தோன்றுகிறது. பட்டறையில் நின்றவர்களின் பெயர் எந்தப் பட்டியலிலும் வராது, போகட்டும்.

அலைவரிசை எழுதியது:

சட்டப் பக்கத்திலிருந்து பார்த்தால் கேள்வி இன்னும் கூர்மையாகிறது என்பது என் எண்ணம்.

போர் நடத்தை குறித்த 1907-ஆம் ஆண்டு ஹேக் விதிகளின்படி, முறையான படையைச் சேராத தொண்டர்கள் போராளிகளாகக் கருதப்பட நான்கு நிபந்தனைகள் உண்டு: பொறுப்பேற்கும் தலைவர் ஒருவர் இருக்க வேண்டும், தொலைவிலிருந்தே அடையாளம் தெரியும் நிலையான சின்னம் வேண்டும், ஆயுதத்தை வெளிப்படையாகத் தாங்க வேண்டும், போர் விதிகளைக் கைக்கொள்ள வேண்டும். இவை இல்லாமல் நீர்மூழ்கியைத் தாக்கியவர் கடலில் விழுந்து அதே நீர்மூழ்கியால் பிடிக்கப்பட்டால், அவரைப் போர்க்கைதியாக நடத்தாமல் சட்டத்துக்குப் புறம்பான போராளியாக நடத்தலாம். இந்த அச்சம் சிவில் ஏர் பேட்ரலுக்கு இருந்தது. உறுப்பினர்களுக்குப் படைச் சீருடையை ஒத்த உடை கொடுக்கப்பட்டதற்கும், விமானங்களில் நீல வட்டத்துக்குள் வெள்ளை முக்கோணம், அதற்குள் சிவப்பு மூவிதழ்ச் சுழலி என்ற சின்னம் தீட்டப்பட்டதற்கும் அதுவும் ஒரு காரணம்.

ஆனால் அவர்களுடைய சம்பளச் சீட்டைப் பார்த்தால் வேறு கதை. விமானிக்கு நாளொன்றுக்கு 8 டாலர்; விமானத்துக்கு எஞ்சினின் குதிரைத்திறனைப் பொறுத்து மணிக்கணக்கில் வாடகை. உணவு, தங்குமிடம் எல்லாம் பெரும்பாலும் அந்த 8 டாலருக்குள்ளேதான். கடலோரக் காவலில் பெண் விமானிகளைச் சேர்க்கவும் இல்லை. தளத்தில் வானொலியும் எழுத்து வேலையும் பார்க்கலாம், கடலுக்கு மேல் பறக்கக் கூடாது. 1943 ஏப்ரல் இறுதியில்தான் குடிமைப் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து இந்த அமைப்பு போர்த்துறையின் கீழ் மாற்றப்பட்டது; அப்போது ஷெல்ஃபஸ் இறந்து ஒன்பது மாதம் ஆகியிருந்தது. அந்த ஆகஸ்ட் இறுதியோடு கடலோரக் காவலே முடித்துவைக்கப்பட்டது.

ஆக, எதிரியின் முன்னால் போராளி என்று காட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டு, வீட்டுக் கணக்கில் தினக்கூலி என்று எழுதிவைத்தது அரசு. நாமும் அதே இரட்டைக் கணக்கை எழுதக் கூடாது என்பதே என் வேண்டுகோள்.

மீனம்பாக்கத்தான் எழுதியது:

இழையை வேறு பக்கம் இழுப்பதாக நினைக்க வேண்டாம், ஒரு சிறு குறிப்பு. அதே காலத்தில் நம் பரங்கிமலைத் தளத்திலும் கரையோரக் காவல் பிரிவு ஒன்று இருந்தது. பயணிகளை ஏற்றிச்சென்ற நான்கு எஞ்சின் அட்டலாண்டா விமானங்களை எடுத்துக்கொண்டு வங்கக் கடலின் மேல் ரோந்து விட்டார்கள். அவற்றை அரசே முறைப்படி கையகப்படுத்திப் படை எண் கொடுத்து, ஓட்டியவர்களுக்கும் விமானப்படையில் பதவி கொடுத்ததால் நம் பட்டியலில் ஐயமே எழவில்லை. அமெரிக்கர்கள் அந்தப் படியைத் தாண்டாமல் விமானத்தை உரிமையாளரிடமே விட்டு வாடகைக்கு எடுத்தார்கள். வேறுபாடு ஒரு காகிதம்தான்.

கோட்டைச்சாமி எழுதியது:

அலைவரிசையும் மீனம்பாக்கத்தானும் சொன்னது என் நிலையை மாற்றியிருக்கிறது. முழுதுமாக அன்று, பாதி. கையகப்படுத்தியதற்கான காகிதம் இருந்ததா என்பதைப் பொறுத்து ஓர் ஆளின் சாவுக்கு வேறு பெயர் வைக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மூழ்கடித்ததாகச் சொல்லும் அந்த இரண்டையும் குறிப்பில் சேர்த்தால் மறுபடியும் சண்டைக்கு வருவேன். இந்த மனிதர்களின் மதிப்பை நிறுவ அந்தக் கட்டுக்கதை தேவையில்லை.

நெய்தல் எழுதியது:

ஷார்ப்புக்கும் எட்வர்ட்ஸுக்கும் 1943 பிப்ரவரியில் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் ஏர் மெடல் பதக்கம் அளித்தார். குடிமக்களுக்கு அது வழங்கப்பட்டது அதுவே முதல் முறை. படைக்குரிய பதக்கத்தை அரசே கொடுத்தபின், பணி எத்தகையது என்பதை அரசே சொல்லிவிட்டது என்றுதானே பொருள்? கடலில் விழுந்து பிழைத்தவர்களுக்கு அந்த அமைப்புக்குள்ளேயே வாத்துக் கழகம் என்று ஒரு வேடிக்கையான பெயரில் சின்னம் வழங்கும் வழக்கமும் இருந்தது. ஷார்ப்பும் எட்வர்ட்ஸும் மீட்கப் போன அந்த எஸ்-39 விமானம் பின்னாளில் இன்னொரு விபத்தில் சிதைந்து, மீட்டெடுக்கப்பட்டு, இப்போது கனெக்டிகட் மாநிலத்தின் விமான அருங்காட்சியகத்தில் நிற்கிறது. 2014-இல் அமெரிக்கப் பேராயம் (காங்கிரஸ்) போர்க்கால உறுப்பினர் அனைவருக்கும் சேர்த்துத் தங்கப் பதக்கம் வழங்கியது. உயிரோடு இருந்தவர்கள் வெகு சிலர்.

பருந்துக்கண் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. பட்டியலில் இவ்வாறு பதிகிறேன். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

தலைப்பு: போர்ப்பணியில் இழந்த குடிமக்கள் விமானங்கள். நாள்: 1942 ஜூலை 21. தளம்: ரெஹோபத் பீச். வகை: ஃபேர்சைல்டு 24. இழப்பின் வகை: ரோந்தின்போது கடலில் விழுந்தது. எதிரி என்ற கட்டத்தை வெறுமையாக விடுகிறேன். விமானி: சார்ல்ஸ் ஷெல்ஃபஸ், மறைந்தார். பயணி: ஹென்றி கிராஸ், மீட்கப்பட்டார். இனி இந்தத் தலைப்பின்கீழ் மற்ற 89 விமானங்களையும் ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்க்க வேண்டும்.

அலைவரிசை எழுதியது:

ஒரே ஒரு திருத்தம். கிராஸைப் பயணி என்று எழுதியிருக்கிறீர்கள். நோக்கர் என்று மாற்றிவிடுங்கள்.

பருந்துக்கண் எழுதியது:

மாற்றிவிட்டேன்.